தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன நம் பெரியோர்கள், ஸ்நான அறையைப் புதுப்பித்துப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவர்கள் பேரில் குற்றமில்லை. அந்தக் காலத்தில் ஸ்நானம் கிணற்றடியில் நடந்தது. ஊற்றிய தண்ணீர் துவைகல்லைச் சுற்றிக்கொண்டு வாழை மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போதோ ஸ்நான அறை, படுக்கை அறைக்குள்ளேயே வந்து குடியேறிவிட்டது. ஆகவே, ஊற்றிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது ஒவ்வொரு குடும்பஸ்தரும் கவலைப்பட வேண்டிய விஷயமாகிவிட்டது.

சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரஸ்தாவிலிருந்து சற்று உள்ளே தள்ளி நாம் வசிக்கும் வீடு முப்பது வருஷத்துக்கு முந்தியது. ஸ்நான அறைத் தரை ஆங்காங்கே பெயர்ந்து போயிற்று. நம் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. கால் தடுக்காமலும் வழுக்காமலும் அவர் குளித்து வர வேண்டும் என்பது ஒன்றே நம் நோக்கம். எட்டடிக்கு ஐந்தடி அறைக்குப் பிரமாதமாக என்ன செலவாகிவிடும் என்று கேட்கிறீர்களா? பழைய தரையைப் பெயர்ப்பது, குழாய் மாற்றுவது, சுவரிலும் தரையிலும் டைல்ஸ் பதிப்பது எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய் என்றார் கான்ட்ராக்டர். பாதிப் பணம் முன்பணம்.

அவர் மிகவும் இனிமையான மனிதர். கைபேசியில் தாம் செய்த வேலைகளின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். ஒவ்வொன்றும் அரண்மனை போல் பளபளத்தது. "கவலையே படாதீங்க சார், பத்து நாள் வேலைங்க. அம்மா பத்தாம் நாள் புது பாத்ரூமிலேதான் குளிப்பாங்க" என்றார்.

பத்து நாள் நாற்பத்தேழு நாளாயிற்று. முதல் வாரம் சிமெண்ட் வரவில்லை. பிறகு குழாய்க்காரர் வரவில்லை. பிறகு ஆடிப் பண்டிகை வந்துவிட்டது. கோட்டை மாரியம்மன் திருவிழாவில் சேலத்தில் எந்த வேலை ஓடும் என்று கான்ட்ராக்டர் கேட்டபோது நாம் வாயடைத்துப் போனோம். அம்மனை எதிர்த்து வாதாட யாருக்குத் துணிவு வரும்? பண்டிகை முடிந்து பல நாள் சென்ற பிறகும் டெலிபோன் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஒரிஸ்ஸாவிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய கை வேலையைக் குறை சொல்ல மாட்டோம். நூல் பிடித்தாற்போல் டைல்ஸ் வரிசை நின்றது. ஆனால் அவர்களுக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. மறுநாள் ஓமலூரில் வேறு வேலை காத்திருந்தது. இரண்டே நாளில் அறை முழுவதும் பதித்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று மாலையே கான்ட்ராக்டர் வந்து இன்னும் 50,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சென்றார்.

முதல் நாள் நம் தாயார் குளித்த தண்ணீர் அறைக் கதவோரத்தில் குளமாகத் தேங்கி நின்றது. தண்ணீர் போக வேண்டிய வாயோ எதிர் மூலையில், ஏற்காட்டு மலை போல், உயரமான இடத்தில் வீற்றிருந்தது. சேலம் ஜில்லாவில்தான், 1934ஆம் வருஷத்தில், காவிரிக்குக் குறுக்கே 214 அடி உயரத்தில் மேட்டூர் அணையைக் கட்டித் தண்ணீரை நிறுத்தினார்கள். நம் கான்ட்ராக்டரும் அந்தப் பரம்பரையில் வந்தவர் போலும்! ஒரு வித்தியாசம், மேட்டூரில் தண்ணீரை வெளியே விட மதகு உண்டு. தரையில் பதித்ததோ சுவருக்குரிய வழவழப்பான டைல்ஸ். மூன்றாம் வாரம் பக்கத்து அறைச் சுவரில் ஓதம் ஏறிற்று. சுவர் டைல்ஸைத் தட்டிப் பார்த்தால் நாலுக்கு ஒன்று 'டொக் டொக்' என்று வெற்றொலி செய்தது. கான்ட்ராக்டரிடம் சொன்னோம். "தண்ணி வழிக்கிற கட்டை ஒண்ணு நானே வாங்கித் தர்றேங்க" என்றார்.

இந்தத் தொழிலின் சூட்சுமத்தைச் சற்று விசாரித்தோம். தெரிந்துகொண்டதை நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். தரைக்கு 'வாட்டம்' என்று கொத்தனார்கள் சொல்வது எட்டடிக்குச் சுமார் ஒரு அங்குலச் சரிவு. இந்தச் சரிவைக் கீழே உள்ள கலவையிலேயே அமைக்க வேண்டும். டைல்ஸ் பதித்த பிறகு எந்த வித்தைக்காரனாலும் அதைக் கொண்டுவர முடியாது. கலவைக்கும் அடியில் தண்ணீர் இறங்காத பூச்சு ஒன்று பூசி, போகும் வாயைத் துணியால் அடைத்து, ஒரு நாள் முழுவதும் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். கீழ்த் தளத்திலோ பக்கத்துச் சுவரிலோ ஈரம் தெரியாவிட்டால்தான் மேலே வேலை நடக்கலாம்.

டைல்ஸிலும் ஜாதி உண்டு. சுவருக்கான சாதாரண செராமிக் டைல்ஸ் தண்ணீரை நன்றாகக் குடிக்கும். அதனால் ஊறப்போட்டுச் சிமெண்டில் பதிப்பார்கள், பிடித்துக்கொள்ளும். 'விட்ரிபைடு' என்பது அப்படியல்ல. அது நூற்றுக்கு அரைப் பங்கு தண்ணீரைக்கூடக் குடிப்பதில்லை. வெறும் சிமெண்ட் அதன் முதுகில் சரியாக ஒட்டாது, அதற்கென்று விற்கும் பசை வேண்டும். பசைக்குப் பணம் அதிகம் என்பதால் பலர் சிமெண்டிலேயே காரியத்தை முடித்துவிடுகிறார்கள். வெற்றொலியின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். குஜராத்தில் மோர்பியிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் லாரியில் வந்த டைல்ஸ் பேரில் பழியைப் போட்டுப் பயனில்லை.

கவனித்துப் பாருங்கள்: சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று நாம் பேசுவதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மேற்பரப்புக்குத்தான். வாட்டத்துக்கும், அடிப் பூச்சுக்கும், ஒரு நாள் தண்ணீர் கட்டி வைப்பதற்கும் பில்லில் ஒரு வரிகூட இருப்பதில்லை. கூலி இல்லாத வேலையை எந்த மேஸ்திரிதான் செய்வார்? அந்த ஒரிஸ்ஸா இளைஞர்களும் ஒரு நாள் நின்று தண்ணீர் கட்டிப் பார்த்திருந்தால், அன்றையக் கூலியை அவர்களே இழந்திருப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தபோது, வீட்டு வேலை அதில் சேருமா என்று தகராறு எழுந்தது. லக்னோ நகர அபிவிருத்தி ஸ்தாபனத்தின் பேரில் ஒரு குடும்பஸ்தர் தொடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. வீடு என்பது ஸ்தாவர சொத்து, அது சேவையாகாது என்று அந்த ஸ்தாபனம் வாதித்தது. பணம் வாங்கிக்கொண்டு வீடு கட்டிக் கொடுப்பதும் சேவையே என்று 1993ஆம் வருஷம் நவம்பரில் கோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று. அதே வருஷம் சட்டத்திலும் அந்த வார்த்தையைச் சேர்த்தார்கள். 2020 ஜூலை முதல் அமலில் இருக்கும் 2019ஆம் வருஷத்துப் புதிய சட்டத்திலும் அது நிலைத்திருக்கிறது. கொடுத்த பணம் 50 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் ஜில்லா ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். 5 லட்சம் வரையில் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட 2 வருஷத்துக்குள் செய்ய வேண்டும், வக்கீல் அவசியமில்லை.

நம்மிடம் ஒப்பந்தப் பத்திரம் எதுவும் இல்லை. ஆனால் பாங்கி மூலம் அனுப்பிய பணத்துக்குக் கணக்கு இருந்தது. அளவும் விலையும் குறித்து அவரே அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும், தேங்கிய தண்ணீரின் படங்களும் இருந்தன. அவற்றின் நகல்களோடு ஒரு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினோம். பதினைந்து நாள் கெடு வைத்தோம். கட்டை வாங்கித் தருவதாகச் சொன்ன மனிதர் ஏழாம் நாளே நேரில் வந்துவிட்டார். "என்னங்க சார், நமக்குள்ளே நோட்டீஸெல்லாம்..." என்று வருத்தப்பட்டார். நம் தாயார் அவருக்குக் காப்பி கொடுத்தார். தண்ணீர் தேங்குகிற இடத்தையும் காட்டினார்.

தரை முழுவதும் பெயர்த்தாயிற்று. சொரசொரப்பான புது டைல்ஸ் அவர் செலவில் வந்தது. அதைப் பதிப்பதற்கு முன் ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீர் கட்டி வைத்தோம். பக்கத்து அறையில் ஈரம் தெரியவில்லை. இப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மூலைக்கு நேரே ஓடிப் போகிறது. சுவரில் வெற்றொலி செய்யும் டைல்ஸைப் பற்றிப் பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பாக்கி 20,000 ரூபாய் நம்மிடம் இருக்கிறது. டெலிபோன் மணி ஒரு தடவை அடித்ததுமே கான்ட்ராக்டர் எடுத்துவிடுகிறார்.