குழந்தை யாருடையது? சீரியல் கேட்கும் கேள்வியும் மார்க்கம் மூடிய கதவும்

ஓசூரில் ஒரே தெருவில் மூன்று மொழிச் சீரியல்கள் ஓடும். ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம். வீட்டுக்குள் உருது பேசும் நம் குடும்பங்கள் இம்மூன்றில் எதையும் பார்ப்பார்கள். அதனால்தான் 'பாரதி கண்ணம்மா' ஓடிய காலத்தில் இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. தமிழில் அடுத்து என்ன வரும் என்பதைத் தெலுங்கு பார்ப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். காரணம், எல்லாம் ஒரே கதை. மலையாளத்தில் 2014இல் தொடங்கிய 'கறுத்தமுத்து'தான் தெலுங்கில் 'கார்த்திக தீபம்', கன்னடத்தில் 'முத்துலக்ஷ்மி', தமிழில் 2019 முதல் 2023 வரை விஜய் டிவியில் 'பாரதி கண்ணம்மா' என்று வந்தது.

கதை பலருக்கும் தெரியும். டாக்டர் பாரதிக்குக் குழந்தை பிறக்காது என்று வெண்பா என்ற பெண் சூழ்ச்சி செய்து நம்பவைக்கிறாள். மனைவி கண்ணம்மா கர்ப்பமானதும் பாரதி அவளுடைய ஒழுக்கத்தைச் சந்தேகிக்கிறார். நிறைமாதக் கர்ப்பிணி வீட்டை விட்டு வெளியேறி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருந்ததை நாடே மீம் போட்டுச் சிரித்தது. இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. ஒன்று தாயிடம் வளர்கிறது. மற்றொன்றைப் பாட்டி ரகசியமாக எடுத்துவந்து, யாரோ பெற்ற பிள்ளை என்று சொல்லி, பெற்ற தகப்பனிடமே வளர்க்கக் கொடுக்கிறாள். கடைசியில் டிஎன்ஏ சோதனை வந்துதான் முடிச்சு அவிழ்கிறது.

அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி, "ஒரு டாக்டருக்கு முதல் வாரமே டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கத் தெரியாதா?" என்பதுதான். நியாயமான கேள்வி போலத் தெரியும். ஆனால் சோதனை எடுத்திருந்தால் சந்தேகப்பட்டது சரியாகிவிடும் என்று அது ஒப்புக்கொள்கிறது. நம் மார்க்கம் அதற்கு வெகு முன்னாலேயே ஆளைத் தடுத்து நிறுத்துகிறது.

ஒழுக்கமுள்ள பெண் மீது பழி சொல்பவன் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் எண்பது கசையடி, அதன்பின் அவனுடைய சாட்சியம் என்றைக்கும் ஏற்கப்படாது என்கிறது சூரா அந்நூர் (24:4). சாட்சி இல்லாத கணவனுக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. அது 'லிஆன்' (24:6-9). காழியின் முன் நின்று, தான் சொல்வது உண்மை என்று அல்லாஹ்வின் மீது நான்கு முறை சத்தியம் செய்ய வேண்டும். ஐந்தாவது முறை, பொய் சொல்லியிருந்தால் அல்லாஹ்வின் சாபம் தன் மீது இறங்கட்டும் என்று சொல்ல வேண்டும். மனைவியும் அதேபோல் ஐந்து முறை சத்தியம் செய்து மறுத்துவிட்டால் அவளுக்குத் தண்டனை இல்லை. திருமணம் முறிந்துவிடும். கணவன் குழந்தையை மறுத்திருந்தால் அது தாயின் பெயரோடு சேரும், தாயிடம் வாரிசுரிமை பெறும். அதன் பிறகும் அந்தத் தாயையோ பிள்ளையையோ தகாத பெயரால் அழைப்பவன்தான் குற்றவாளி.

பாரதியைப் போல வருடக்கணக்கில் மனத்தில் வைத்துக்கொண்டு, சேர்ந்தும் வாழாமல் விடுதலையும் கொடுக்காமல் இழுத்தடிக்க இதில் இடமே இல்லை. ஹனஃபி சட்டப்படி குழந்தை பிறந்ததும், வாழ்த்துகள் ஏற்கும் அந்த நாட்களிலேயே மறுத்திருக்க வேண்டும். ஷாஃபி மத்ஹபில் தெரிந்த உடனேயே மறுக்க வேண்டும். வாழ்த்துகளை ஏற்று இனிப்பும் கொடுத்துவிட்டுப் பிறகு "என் பிள்ளை இல்லை" என்றால் அந்தப் பேச்சு செல்லாது.

கண்ணம்மாவின் நிறம் கறுப்பு என்பதும் அந்தக் கதையில் ஒரு பெரிய விஷயம். இதையொட்டி புகாரியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கிராமவாசி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தன் மனைவி கறுப்பான குழந்தை பெற்றிருப்பதாகச் சொன்னார். சந்தேகம் பேச்சிலேயே தெரிந்தது. நபி (ஸல்) அவர்கள் அவருடைய ஒட்டகங்களைப் பற்றிக் கேட்டார்கள். என்ன நிறம்? சிவப்பு. அவற்றில் சாம்பல் நிறத்தில் ஏதும் உண்டா? உண்டு. அது எங்கிருந்து வந்தது? பரம்பரையில் எங்கோ இருந்திருக்கலாம் என்றார் அவர். உன் பிள்ளைக்கும் அப்படி இருக்கலாமே என்று நபியவர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

இன்றைக்கு நம் வீடுகளில் சந்தேகம் நிறத்தில் மட்டும் பிறப்பதில்லை, ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் பிறக்கிறது. கணவன் இரவு ஷிப்ட், மனைவி பகல் ஷிப்ட், இல்லையென்றால் கணவன் வளைகுடாவில். வாரக் கணக்கு பார்க்கப் பக்கத்து வீடுகளில் ஆள் இருக்கிறார்கள். நிக்காஹ் முடிந்து ஐந்து வாரம்தான் ஆகிறது, ரிப்போர்ட்டில் ஏழு வாரக் கர்ப்பம் என்று இருக்கிறது என்றால் வீடே கலங்கிப்போகிறது. கலங்க இதில் எதுவும் இல்லை. மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிடுகிறார்கள். கரு உண்டாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். ஆகவே ரிப்போர்ட் எப்போதும் இரண்டு வாரம் அதிகமாகவே காட்டும். மாமியார்மார் இந்த ஒரு விவரத்தைத் தெரிந்துவைத்திருந்தால் எத்தனையோ பெண்களின் கண்ணீர் மிஞ்சும்.

குறைமாதப் பிரசவத்துக்கும் மார்க்கம் இடம் வைத்திருக்கிறது. சுமப்பதும் பால்குடி மறப்பதும் சேர்த்து முப்பது மாதம் என்கிறது 46:15. முழுமையாகப் பாலூட்டும் காலம் இரண்டு வருடம் என்கிறது 2:233. கழித்தால் மீதி ஆறு மாதம். இந்தக் கணக்கு அலி (ரலி) அவர்கள் சொன்னதாக அறிவிக்கப்படுகிறது. திருமணமாகி ஆறு மாதத்திற்குப் பின் பிறக்கும் குழந்தை கணவனின் குழந்தையே என்பது ஃபிக்ஹ் நூல்களின் முடிவு. விரல் விட்டு எண்ணுபவர்கள் இதையும் எண்ணிக்கொள்ளலாம்.

சாயல் ஒத்துப்போனாலும் நஸப் மாறாது. ஸம்ஆ என்பவரின் வீட்டு அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த பையன் தன் அண்ணன் உத்பாவின் மகன் என்று ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) உரிமை கோரினார். ஸம்ஆவின் மகன் அப்த், அவன் தன் தந்தையின் பிள்ளை என்றார். பார்த்தால் சாயல் தெளிவாக உத்பாவுடையது. ஆனாலும் குழந்தை யாருடைய விரிப்பில் பிறந்ததோ அவருக்கே உரியது என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். கூடவே, ஸம்ஆவின் மகளான தம் மனைவி ஸவ்தா (ரலி) அவர்களிடம் அந்தப் பையனுக்கு முன் திரையிட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரிந்த சாயலை அவர்கள் கவனிக்காமல் இல்லை. பேணுதலுக்கு அதைப் பயன்படுத்தினார்கள், பிள்ளையின் தகப்பனை மாற்றப் பயன்படுத்தவில்லை.

டிஎன்ஏ விஷயத்திலும் அறிஞர்கள் இதே வழியில்தான் போனார்கள். 2002 ஜனவரியில் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹ் கவுன்சில், லிஆனுக்குப் பதிலாக டிஎன்ஏவை வைத்து நஸபை மறுக்க முடியாது, ஏற்கெனவே உறுதியான நஸபைச் சோதித்துப் பார்க்கவும் கூடாது என்று முடிவு செய்தது. மருத்துவமனையில் குழந்தைகள் மாறிவிட்டால், விபத்திலோ போரிலோ பிள்ளைகள் அடையாளம் தெரியாமல் போனால் பயன்படுத்தலாம் என்றது.

நம் நாட்டுச் சட்டமும் வெகுதூரம் இதே பாதையில் வருகிறது. 1872 சாட்சியச் சட்டத்தின் 112ஆவது பிரிவு, இப்போது 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 116ஆவது பிரிவு. திருமண வாழ்வில் பிறந்த குழந்தை, அல்லது திருமணம் முறிந்து 280 நாட்களுக்குள், தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்த குழந்தை அந்தக் கணவனுக்கே உரியது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் விலக்கு. சந்தேகம் என்றதும் பிள்ளைக்கு ரத்தம் எடுக்க உத்தரவிட முடியாது என்று 1993இலும், பிள்ளையின் உரிமைகளை முன்வைத்து 2023 பிப்ரவரியிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்னொன்றையும் நம் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கணவன் பொய்யாக நடத்தைப் பழி சுமத்தினால், 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின் கீழ் மனைவி நீதிமன்றம் சென்று விடுதலை கேட்கலாம். கண்ணம்மாவைப் போல நடந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை.

சீரியல் பார்க்கக்கூடாது என்று சொல்லி முடித்துக்கொள்வது எங்களுக்கு எளிது. ஆனால் பார்ப்பவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள், அதைப் பற்றிப் பேசவும் செய்கிறார்கள். எங்களுக்கு அதிகம் உறுத்தியது பாரதியைவிட அந்தப் பாட்டிதான். பாசத்தால் செய்தாள் என்று பார்த்தவர்கள் மன்னித்துவிட்டார்கள். ஒரு குழந்தைக்குத் தாய் யார், கூடப்பிறந்தவள் யார் என்பதை மறைத்து வளர்ப்பதைத்தான் குர்ஆன் நேராகத் தடுக்கிறது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயரால் அழையுங்கள், தந்தை யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கச் சகோதரர்கள் என்கிறது 33:5. நபியவர்களின் மகன் என்று அழைக்கப்பட்ட ஸைத் (ரலி) அதன் பிறகு ஸைத் பின் ஹாரிஸா ஆனார். அன்பு குறையவில்லை, பெயர் மட்டும் உரியவரிடம் போனது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஹதீஸில் ஒரு நிகழ்ச்சி உண்டு. உக்பா பின் ஹாரிஸ் (ரலி) மக்காவில் ஒரு பெண்ணை மணந்தார். அதன்பின் ஒரு பெண் வந்து, உங்கள் இருவருக்கும் நான் பாலூட்டியிருக்கிறேன் என்றாள். அவருக்கு அது தெரியாது, யாரும் சொன்னதும் இல்லை. வாகனமேறி மதீனா போய் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். இப்படிச் சொல்லப்பட்ட பின் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்றார்கள். உக்பா பிரிந்தார். அந்தப் பெண் வேறொருவரை மணந்துகொண்டாள்.