மணப்பாடு: கேமரா பார்த்ததும் பார்க்காததும்

திருச்செந்தூரைத் தாண்டித் தெற்கே போனால், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்றும் அதன் மேல் சிலுவைக் கோயிலும் தெரியும். அதுதான் மணப்பாடு. சினிமாக்காரர்களுக்குப் பழகிய கரை. சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ (2012), மணிரத்னத்தின் ‘கடல்’ (2013) இரண்டும் இங்கே படமானவை. செட் போட்டு இப்படியொரு ஊரைக் கட்டிவிட முடியாது.

கோயில் 1581-ல் எழும்பியது. அதற்கும் முன்பே, 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் குன்றின் அடியிலுள்ள குகையில் தங்கியிருக்கிறார். கடலை ஒட்டிய அந்தக் குகைக்குள்ளே ஒரு நன்னீர்க் கிணறு!

இதே சவேரியார் 1549-ல் ஜப்பானில் இறங்கி, அடுத்த ஆண்டே போர்த்துக்கீசியக் கப்பல் வந்து நின்ற ஹிராடோ துறைமுகத்துக்குப் போனார். 1609-ல் டச்சுக் கம்பெனி அங்கே பண்டகசாலை திறந்தது. 1639-ல் அவர்கள் கட்டிய கல் கிடங்கின் முகப்பில் கிறிஸ்து ஆண்டைப் பொறித்திருந்தார்கள். அதைக் காரணம் காட்டி, மறு வருடமே இடிக்கச் சொன்னது ஜப்பானிய அரசு. 1641-ல் டச்சுக்காரர்கள் நாகசாகியின் தெஜிமா என்ற செயற்கைத் தீவுக்குள் ஒதுக்கப்பட்டார்கள். அதே கம்பெனிதான் 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பறித்தது. ஹிராடோ கிடங்கு 2011-ல் புதிதாகக் கட்டப்பட்டு நிற்கிறது. நாகசாகிப் பகுதியில் நடக்கும் கதையான ‘சைலன்ஸ்’ (2016) படத்தை மார்ட்டின் ஸ்கோர்செஸி தைவானில்தான் எடுத்தார்.

மணப்பாட்டில் அப்படிப் புதிதாகக் கட்டவோ வேறு நாட்டுக்குப் போய்ப் படமெடுக்கவோ வேண்டிய சிரமம் இல்லை. கோயில், குகை, பழைய வீடுகள் எல்லாம் அசல். ஆனால் போர்த்துக்கீசியரையும் டச்சுக்காரரையும் இந்தக் கரைக்கு இழுத்த முத்து மட்டும் நம் திரையில் சரியாக வரவே இல்லை. பெரிய குறை அது.

சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, நினைத்துப் பாருங்கள். விடியும் முன் தோணிகள் கிளம்பும். குளியாளி கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். ஒரே மூச்சு. அதற்குள் தரையைத் துழாவிச் சிப்பிகளை வலைப்பைக்குள் அள்ளியாக வேண்டும். அவர் கயிற்றைச் சுண்டி இழுத்தால் மேலே தோணியில் இருப்பவர் தூக்குவார். அந்தக் கயிற்றைப் பிடித்தவர் கண் அசந்தால் கீழே இருப்பவர் உயிர் போகும். சுறாவுக்கு மந்திரம் சொல்லும் கடல்கட்டி இல்லாமல் குளிக்க இறங்க மாட்டார்கள். கரை சேர்ந்த சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, பிறகு அலசி முத்தைத் தேடுவார்கள். நாற்றமும் ஈயுமாகக் கிடக்கும் அந்தக் குவியலைச் சுற்றித்தான் வணிகர் கூட்டம். ஒரு திரைக்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-ல். முத்துக் குளித்தவர்கள் அருகிவிட்டார்கள் என்றாலும் கடலில் மூழ்கி எடுக்கும் தொழில் முற்றாக அற்றுப்போகவில்லை. திரேஸ்புரத்தில் சங்குகுளி ஆட்கள் இன்றைக்கும் கடலுக்குப் போகிறார்கள். கல்லுக்கும் ஒற்றை மூச்சுக்கும் பதிலாக, படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்று வருகிறது. சலாபத்தைப் படமாக்க நினைக்கும் இயக்குநர், மணப்பாட்டில் லொகேஷன் பார்க்கும் முன் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது இவர்களோடுதான்.