கொல்லாமல் திருத்தும் மருந்து

புற்றுநோய்க்கு மருந்து என்றால் உயிரணுக்களைக் கொல்லும் நஞ்சு என்றே பலரும் எண்ணுவர். கொல்லாமல் திருத்தும் மருந்தும் உண்டு.

உயிரணுவின் உட்கருவில் ‘ஏற்பிகள்’ என்னும் சில புரதங்கள் பூட்டுப்போல் அமைந்துள்ளன. ‘ஏ’ வைட்டமினிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் சிறு மூலக்கூறு. அது தனக்குரிய ஏற்பியில் சாவியாய்ப் பொருந்தினால், வெள்ளணுக்களை முதிரச் செய்யும் மரபணுக்கள் செயற்படுகின்றன.

ஒருவகை இரத்தப் புற்றுநோயில், 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்கள் முறிந்து இடம் மாறுவதால் இவ்வேற்பி வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உடலிலுள்ள அமிலம் இப்பூட்டைத் திறக்கப் போதாது. முதிராத அணுக்கள் பெருகும். குருதி பெருக்கெடுத்து நோயாளி விரைவில் மடிவதும் உண்டு.

ஷாங்காய் மருத்துவர் வாங் சென்யி, 1985இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு இவ்வமிலத்தை மிகுதியாகக் கொடுத்தார். பூட்டுத் திறந்தது, அணுக்கள் முதிர்ந்தன, சிறுமி பிழைத்தாள். 1988இல் வெளிவந்த ஆய்வில் 24 நோயாளிகளிடமும் நோய் தணிந்தது.

ஆயினும் தணிந்த நோய் பலரிடம் மீண்டது. பின்னர், பழுதுற்ற அப்புரதத்தையே சிதைக்கும் ஆர்சனிக் மருந்தும் துணை சேர்ந்தது. ஒருகாலத்தில் உயிரை விரைந்து பறித்த இந்நோயிலிருந்து இன்று பெரும்பாலோர் குணமடைகின்றனர்.