புளியமரப் பொந்தில் ஒரு புதுப்பெயர்

மண்ணரையில் பனியனுக்கு லேபிள் தைக்கும் நேயர்களே, சிலந்திக்கும் லேபிள் உண்டு!

ராமேசுவரம் தீவின் பழைய புளியமரப் பொந்துகளில் உடலெல்லாம் ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தி ஒன்று வாழ்கிறது. பெயர், பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா. 2004-ல் ஆண்ட்ரூ ஸ்மித் சூட்டியது. அங்குள்ள அனுமன் கோயிலை வைத்து வந்த பெயர். வாயில் நுழையச் சற்றுச் சிரமம்தான். முதல் சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். இந்தப் பேரினத்துச் சிலந்திகள் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். புரட்டிப் போட்டு, கால்களின் அடிப்பக்கத்துப் பட்டைகளைப் பார்த்துத்தான் பெரும்பாலும் இனம் பிரிக்கிறார்கள்.

பெயருக்குப் பின்னால் ‘ஸ்மித், 2004’ என்று சூட்டியவரையும் ஆண்டையும் எழுதுவார்கள். பிற்பாடு வேறு பேரினத்துக்கு மாற்றினால் அது அடைப்புக்குறிக்குள் போய்விடும்.

விலங்குகளின் பெயர்க்கணக்கு, லின்னேயசின் 1758-ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குகிறது. சிலந்திக்கு மட்டும் சலுகை: சுவீடன்காரர் கிளார்க் அதற்கு முந்தைய ஆண்டே வைத்த பெயர்களும் செல்லும்!

ராமேசுவரத்துச் சிலந்தி பின்னாளில் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மன்னாரிலும் கிடைத்தது. அதற்கு முன்பே, அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் சர்வதேசப் பட்டியலில் 2008-லேயே அதைச் சேர்த்துவிட்டார்கள்.