பின்னங்கால்கள் இழுபடும் டாஷண்ட்: முதல் நாளிலும் பிறகும் செய்ய வேண்டியவை

கடந்த வருடம் ஒரு காலை, வேலைக்குப் போகச் சைக்கிளை எடுத்தபோது ஜிம்மி வழமைபோலப் படலைவரை ஓடி வரவில்லை. விறாந்தை மூலையில் முன்னங்கால்களை ஊன்றி எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னங்கால்கள் இரண்டும் சீமெந்துத் தரையில் இழுபட்டன.

ஜிம்மி ஒரு டாஷண்ட். நீண்ட உடலும் கட்டைக் கால்களும் கொண்ட நாயினம். கொழும்பிலிருந்த உறவினர் ஒருவர் வெளிநாடு போகும்போது கிளிநொச்சியில் எங்களிடம் விட்டுச் சென்றார். அப்போது அவனுக்கு இரண்டு வயது. இது நடந்தபோது ஐந்து.

நான் ஓடிப்போய்த் தூக்கக் குனிந்தேன். "தூக்காதை! முதுகு வளையக் கூடாது. பலகை ஒண்டு எடுத்து வா" என்று சக்கர நாற்காலியிலிருந்து அண்ணா கத்தினார். 2009 இல் செல் துண்டு பட்டு அண்ணாவின் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அன்று அவரைக் கையிலும் காலிலும் பிடித்துத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். வேறு வழி இருக்கவில்லை. அதை அவர் மறக்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஐயா, "கால் ஏலாத நாயை வைச்சு என்ன செய்யப்போறியள்? ஊசியைப் போட்டு விடுங்கோ தம்பி" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணா ஒன்றும் பேசாமல் பலகையில் துவாயை விரித்தார்.

ஏன் இந்த இனத்துக்கு?

டாஷண்ட் ஜேர்மனியில் வளைக்கரடி வேட்டைக்காக உருவாக்கப்பட்ட இனம். நிலத்துக்கடியில் உள்ள வளைக்குள் புகுவதற்கே அந்தக் கட்டைக் கால்கள். அந்தக் கால்களுக்குக் காரணமான மரபணு மாற்றங்களில் ஒன்று, முள்ளந்தண்டின் இடைத்தட்டுகளையும் இளவயதிலேயே மூப்படையச் செய்கிறது. 2017 இல் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள்.

இடைத்தட்டு என்பது நாங்கள் டிஸ்க் என்று சொல்வது. முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையே மெத்தைபோல இருக்கும். வெளியே நார் வளையம், உள்ளே களி போன்ற பொருள். டாஷண்டில் இந்தக் களி இரண்டு வயதளவிலேயே காய்ந்து, சுண்ணாம்பு படிந்து இறுகத் தொடங்கிவிடும். பிறகு ஒருநாள் நார் வளையம் கிழிந்து, இறுகிய பொருள் மேலெழுந்து முள்ளந்தண்டு வடத்தை அழுத்துகிறது. வாங்கிலிருந்து குதித்ததே போதும். காரணம் எதுவுமில்லாமலும் நடக்கும். பெரும்பாலும் விலா எலும்புகள் முடிந்து இடுப்புத் தொடங்கும் பகுதியில், மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் வரும். ஐந்து டாஷண்ட்களில் ஒன்றாவது வாழ்நாளில் இதற்கு ஆளாகிறது.

அறிகுறிகள் முன்பே வந்திருந்தன. இரண்டு நாட்களாக ஜிம்மி படி ஏறவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு நின்றான். தூக்கினால் வீரிட்டான். வயிற்றுக்குத்தாக்கும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டோம். அது என் பிழை. நோவு மட்டும் இருக்கும் கட்டத்தில் பிடித்தால் வைத்தியம் எளிது.

முதல் மணித்தியாலங்களில்

எங்கள் ஊரில் முதுகு பிடித்தால் எண்ணெய் போட்டு நீவுவோம். இங்கே அது ஆபத்து. நீவும்போது டிஸ்க் இன்னும் வெளியே தள்ளப்படலாம். வீட்டிலுள்ள நோக் குளிசைகளையும் கொடுக்க வேண்டாம். இபுபுரோஃபன், டைக்குளோஃபெனக் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பரசிற்றமோலும் அளவு மிஞ்சினால் ஈரலைப் பாதிக்கும். முன்பு ஏதாவது கொடுத்திருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படியான மருந்தும் ஸ்ரெரோயிட்டும் ஒன்றுசேர்ந்தால் குடலில் இரத்தப்போக்கு ஏற்படக்கூடும்.

மிருக வைத்தியர் முதலில் பார்த்தது, பின்னங்காலின் விரலை அழுத்தினால் வலி தெரிகிறதா என்பதை. இதில் பலர் ஏமாறுவார்கள். விரலைக் கிள்ளினால் கால் உள்ளே இழுபடுவது வெறும் அனிச்சைச் செயலாக இருக்கலாம். நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், அல்லது கத்த வேண்டும். அப்போதுதான் வலி மூளைக்குப் போகிறது என்று பொருள். இதை அண்ணாவுக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. அவருடைய கால்களும் சில இரவுகளில் தானாகத் துள்ளும். அவருக்கு அது தெரியாது, பார்த்தால்தான் தெரியும்.

கால் அசையாவிட்டாலும் வலி தெரிந்தால் நம்பிக்கை பெரிது. அந்த நிலையில் சத்திரசிகிச்சை செய்யப்படும் நாய்களில் மிகப் பெரும்பாலானவை மறுபடி நடக்கின்றன. ஆழமான வலியும் தெரியாவிட்டால் அந்த வாய்ப்பு பாதியளவுக்குக் குறைகிறது. அங்கே ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம். இலங்கையில் கால்நடை வைத்திய பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான் உள்ளது. அதன் போதனா வைத்தியசாலைக்குக் கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். தூரம், செலவு இரண்டையும் யோசித்துத்தான் எங்களைப் போன்றவர்கள் முடிவெடுக்க முடியும்.

ஜிம்மி திரும்பிப் பார்த்தான். கால்களும் இலேசாக அசைந்தன. மருந்தும் ஓய்வும் பார்க்கலாம், இன்னும் மோசமானால் உடனே பேராதனைக்குக் கொண்டுபோங்கோ என்றார் வைத்தியர்.

ஓய்வு என்றால் கூடு

ஓய்வு என்பது வீட்டுக்குள் மெல்ல நடக்கவிடுவது அல்ல. குறைந்தது நான்கு கிழமை, எங்களுக்குச் சொன்னது ஆறு, கூட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். எழும்பி நின்று திரும்பிப் படுக்கக்கூடிய அளவு இடம் போதும். பழைய பலகையில் அண்ணாவே கூடு அடித்தார். கிழிந்த நார் வளையம் ஆறுவதற்கு அந்தக் காலம் வேண்டும். மருந்தால் நோவு குறைந்ததும் நாய் துள்ளப் பார்க்கும். அந்த நேரம் இரக்கப்பட்டுத் திறந்துவிட்டுத்தான் பலர் நாயை மறுபடி முடமாக்குகிறார்கள். வெளிக்குப் போக மட்டும் தூக்கிச்செல்லலாம். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மற்றக் கை பின்பக்கத்துக்குக் கீழே, முதுகு நேராக இருக்க வேண்டும்.

சலப்பையும் தோலும்

காலைவிட ஆபத்தானது சலப்பை. கால் இழுபடும் நாயால் பல வேளைகளில் தானாகச் சலம் கழிக்க முடியாது. படுக்கையில் சொட்டுச் சொட்டாக ஈரம் இருந்தால் "சலம் போகுது" என்று ஆறுதலடையக் கூடாது. சலப்பை நிரம்பி வழிகிறது என்பதே அதன் பொருள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னே வயிற்றின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து, சீராக மெல்ல அழுத்தி வெளியேற்ற வேண்டும். முதல் தடவை வைத்தியரிடம் நேரில் பழகுங்கள். சலம் நாறினால், கலங்கினால், இரத்தம் கலந்தால் தொற்று வந்துவிட்டது.

நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மறுபக்கம் புரட்டுவது, ஈரத்தை உடனே துடைப்பது, எலும்பு முட்டும் இடங்களில் தோல் சிவக்கிறதா என்று பார்ப்பது, இவை எல்லாம் படுக்கைப்புண் வராமல் காப்பதற்கு. வன்னியில் இதெல்லாம் தெரிந்த வீடுகள் நிறைய. எங்கள் அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மனிசருக்கே போதிய வைத்தியமில்லாத இடத்தில் நாய்க்கு இவ்வளவா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனால் இதில் பெரும்பகுதி காசு அல்ல, நேரம்.

இனி வராமல்

பன்னிரண்டாம் நாள் ஜிம்மி வாலை அசைத்தான். ஐந்தாம் கிழமை தள்ளாடி நின்றான். இப்போது சற்றுக் கோணலாக நடக்கிறான். மறுபடி வரக்கூடியது இது. அதனால் சோறும் மீன்தலையும் குறைத்தோம். தடவும்போது விலா எலும்புகள் விரலுக்குத் தெரிய வேண்டும், அதுதான் சரியான எடை. படிக்குப் பக்கத்தில் சாய்வுப் பலகை போட்டோம். அது அண்ணாவின் நாற்காலிக்கும் உதவுகிறது. கழுத்துப் பட்டியை விட்டு நெஞ்சுப் பட்டி வாங்கினோம். குட்டி வாங்குபவர்கள் தாய், தகப்பன் நாய்களுக்கு முதுகு நோய் வந்ததா என்று கேளுங்கள்.

எல்லா நாயும் தேறுவதில்லை. வலி அடங்காத, வேறு வழியே இல்லாத நாய்க்கு அந்த ஊசி கருணைதான். ஆனால் அதை முதல் நாளில் முடிவெடுக்காதீர்கள். கால் போனால் எல்லாம் போனது என்று அன்று ஒருவர் எங்கள் விறாந்தையில் நின்று சொன்னபோது, அதை அண்ணாவும் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது பின்னேரங்களில் ஜிம்மியைப் படலைவரை நடத்திக்கொண்டு போவது அவர்தான்.