காதுல பூ(ண்டு) சுத்துறாங்களா?

ராத்திரி பன்னிரண்டு மணி. விடிஞ்சா செமஸ்டர். ரூம்மேட் காதைப் பொத்திக்கிட்டு கட்டில்ல உருள்றான். உடனே விங்ல ஆளாளுக்கு டாக்டர் ஆயிட்டாங்க. 'பூண்டை நல்லெண்ணெய்ல காய்ச்சி விடுடா', 'துளசியைப் பிழிடா', 'எங்க பாட்டி வெங்காயச் சாறுதான் விடும்'... கடைசியில ஜெயிச்சது பூண்டு. மெஸ்ல காய்ச்சி, சூடா நாலு சொட்டு விட்டோம். வலி போகலை, கூடவே தலைசுத்தலும் வந்துடுச்சு! காலையில இ.என்.டி. டாக்டர் பார்த்தப்பதான் தெரிஞ்சது... செவிப்பறையில ஏற்கெனவே ஓட்டை.

அப்போ பாட்டி வைத்தியம் டுபாக்கூரா? வெயிட் மக்களே!

பூண்டுக்குப் பவர் நிஜம். பச்சைப் பூண்டை நசுக்கினா 'அலிசின்' உருவாகும். இது பாக்டீரியாவைக் கொல்லும்னு 1944-லயே கண்டுபிடிச்சுட்டாங்க. சிக்கல் என்னன்னா, அலிசினை உருவாக்குறது ஒரு என்சைம். முழுப் பல்லை கொதிக்கிற எண்ணெய்ல போட்டா என்சைம் காலி. வாசனைதான் மிச்சம்!

அடுத்தது, ரூட் பிரச்னை. சளியோட வர்ற காதுவலிக்குக் காரணம் பெரும்பாலும் நடுக்காதுல, அதாவது செவிப்பறைக்குப் பின்னாடி. பறை நல்லா இருந்தா எண்ணெய் அந்தக் கிருமிகிட்ட போகவே போகாது. பறை கிழிஞ்சிருந்தா, போகக் கூடாத இடத்துக்குப் போயிடும். அந்தத் தலைசுத்தல்? உடம்புச் சூட்டைவிட அதிகமாவோ கம்மியாவோ இருக்கிற திரவம் காதுக்குள்ள போனா பேலன்ஸ் உறுப்பு குழம்பிடும். இதை ஆராய்ஞ்ச ராபர்ட் பாரனிக்கு 1914-ம் வருஷ நோபல் பரிசே கிடைச்சுது!

யாராவது டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்களா? பார்த்தாங்க, இஸ்ரேல்ல. 5 முதல் 18 வயசு வரைக்கும் 171 பேர். பூண்டு, லாவெண்டர் மாதிரி மூலிகைகளை ஆலிவ் எண்ணெய்ல சேர்த்துத் தயாரிச்ச சொட்டு மருந்து சிலருக்கு, மரத்துப்போக வைக்கிற சொட்டு மருந்து மத்தவங்களுக்கு. 2003-ல 'பீடியாட்ரிக்ஸ்' இதழ்ல ரிசல்ட் வந்துச்சு. மூணு நாள்ல எல்லா குரூப்லயும் வலி குறைஞ்சுது. ஆனா, அதுல 80 சதவிகிதத்துக்குக் காரணம் நாள் போனது. சிகிச்சையோட பங்கு வெறும் 7.3 சதவிகிதம்! ஆக, ஹீரோ பூண்டு இல்ல பாஸ், காலண்டர்!

ஆனாலும் பாட்டிக்கு ஒரு விஷயத்துல ஃபுல் மார்க். காதுக்குள்ள பூச்சி புகுந்தா எண்ணெய் விடுறது இன்னிக்கும் முதலுதவிதான். பறையில ஓட்டை இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கண்டிஷன்.

மத்தபடி, ராத்திரி வலிச்சா ஒரு பாரசிட்டமால், வெளிப்பக்கம் இளஞ்சூட்டுத் துணி ஒத்தடம். சீழ், காய்ச்சல், காது மந்தம், காதுக்குப் பின்னாடி வீக்கம்... இதுல ஒண்ணு இருந்தாலும் நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க.

ரூம்மேட் இப்போ நலம். பூண்டு? ரசத்துல மட்டும்!