கம்பியில்லாச் செய்தியும் கேட்கும் செவியும்

நம் தலைக்கு மேலே இந்த நொடியிலும் எத்தனையோ குரல்கள் சென்றுகொண்டிருக்கின்றன. வானொலிச் செய்தி, நடுக்கடலில் செல்லும் கப்பலின் அழைப்பு, வெளியூரிலிருந்து பேசும் தந்தையின் குரல் ஆகிய யாவும் கம்பியின்றியே வருகின்றன. ஆயினும் அவற்றை வாங்கிக்கொள்ளும் கருவி ஒன்று விழித்திருந்தால்தான் அக்குரல் நம்மை எட்டும். அனுப்புவது பாதி, கேட்பது மறுபாதி. கம்பியில்லாச் செய்தித் தொடர்பின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

அலையைக் கண்டவர்கள்

குளத்தில் ஒரு கல்லை எறிகிறோம். அலை வட்டமாகப் பரவி, கரையோரம் மிதக்கும் இலையை அசைக்கிறது. கல் இலையைத் தொடவில்லை, அலைதான் தொட்டது. அதுபோலவே ஒரு கம்பியில் மின்சாரத்தை மிக விரைவாக முன்னும் பின்னும் ஓடச் செய்தால், அதிலிருந்து மின்காந்த அலைகள் எழுகின்றன. அவை நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பரவி, தொலைவிலுள்ள மற்றொரு கம்பியில் சிறிய மின்னோட்டத்தை எழுப்புகின்றன.

இத்தகைய அலைகள் உண்டு என்று 1860-களில் மாக்ஸ்வெல் கணக்கிட்டுக் கூறினார். 1880-களின் இறுதியில் ஹெர்ட்ஸ் சோதனை செய்து மெய்ப்பித்தார். நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ் 1895-இல் கல்கத்தாவில் பலர் முன்னிலையில், கண்ணுக்குத் தெரியாத அலையைக் கொண்டே தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தைப் பற்ற வைத்தார்.

இதனை நெடுந்தொலைவுச் செய்திக்குப் பயன்படுத்தியவர் இத்தாலி நாட்டு மார்க்கோனி. 1901 டிசம்பர் 12-ஆம் நாள், நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு பட்டத்தில் கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டு, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இங்கிலாந்திலிருந்து வந்த மூன்று சிறு ஒலிகளைக் கேட்டதாக அவர் அறிவித்தார். 1909-இல் அவருக்கும் ஜெர்மானிய அறிஞர் பிரவுனுக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

உறங்கிய செவியும் விழித்த செவியும்

1912 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு. பனிக்கட்டிகளுக்கிடையே நின்றுவிட்ட கலிஃபோர்னியன் என்னும் கப்பல், அதனை டைட்டானிக் கப்பலுக்கு வயர்லெஸ் மூலம் அறிவிக்க முயன்றது. பயணிகளின் தந்திகளை அனுப்புவதில் மூழ்கியிருந்த டைட்டானிக்கின் வயர்லெஸ் பணியாளர் பிலிப்ஸ், குறுக்கிட வேண்டாம் என்று அதனை அடக்கிவிட்டார். கலிஃபோர்னியனில் இருந்த ஒரே வயர்லெஸ் பணியாளர் 11.30 மணியளவில் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். 11.40-க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது.

அதன்பின் பிலிப்ஸ் உதவி கேட்டு இடைவிடாது செய்தி அனுப்பினார். அருகிலிருந்த கப்பலில் செவி உறங்கிவிட்டது. ஏறத்தாழ 58 கடல் மைல் தொலைவில் சென்ற கார்பேத்தியா கப்பலின் பணியாளரும் படுக்கைக்கு ஆயத்தமாகிக்கொண்டுதான் இருந்தார். காதில் மாட்டியிருந்த கருவியை இன்னும் கழற்றாததால் அந்தக் கூக்குரல் அவருக்குக் கேட்டது. கார்பேத்தியா விரைந்து வந்து எழுநூறுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது. சுமார் 1,500 பேர் மாண்டனர். இறுதிவரை கருவியை விட்டு அகலாத பிலிப்ஸும் அவர்களுள் ஒருவர்.

இத்துயரத்திலிருந்து உலகம் பாடம் கற்றது. பயணிகள் கப்பல்களில் இரவும் பகலும் வயர்லெஸ் காவல் வேண்டும் என்று 1914-இல் லண்டனில் கூடிய நாடுகள் விதி வகுத்தன. பின்னர் மற்றொரு நல்ல வழக்கமும் ஏற்பட்டது. ஒவ்வொரு அரைமணி நேரத்திலும் மூன்று நிமிடம் எல்லாக் கப்பல்களும் அபாய அலைவரிசையில் மௌனம் காக்க வேண்டும். எங்கோ மெலிதாக எழும் அபயக்குரல் பிறர் பேச்சில் அமிழ்ந்துவிடக் கூடாதல்லவா? 1999-இல் செயற்கைக்கோள்களும் தானியங்கிக் கருவிகளும் அக்காவலை ஏற்கும்வரை இம்மௌனம் நிலைத்தது.

வளர்ச்சியும் குறையும்

மார்க்கோனியே அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியை 1931 பிப்ரவரி 12-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் தொடங்கி வைத்தார். ஒரு திருத்தந்தையின் குரல் வானலையில் உலகெங்கும் ஒலித்தது அதுவே முதன்முறை. போஸ் மணியடித்த அதே கல்கத்தாவிலிருந்து, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1995 ஜூலை 31-இல் இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு டில்லிக்குச் சென்றது.

இவ்வளவு வளர்ந்தும், 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கியபோது, பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடல் சென்றிருந்த நம் மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. படகுகளில் உள்ள சாதாரண வயர்லெஸ் கருவியின் அலை நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவைத் தாண்டி அது எட்டாது. எத்தனையோ தாய்மாரும் மனைவியரும் கரையில் காத்திருந்தனர். பலர் திரும்பி வரவேயில்லை.

2019-இல் செயற்கைக்கோள் வழியே புயல் எச்சரிக்கையைப் பெறும் ஜெமினி என்னும் கருவி அறிமுகமாயிற்று. அதனால் மீனவர் கேட்க முடியும். ஆனால் கடலிலிருந்து மறுமொழி கூற முடியாது. ஆகவே இருவழியிலும் செய்தி அனுப்பும் கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024-இல் தொடங்கப்பட்டது. கடலில் இருப்பவன் கேட்டால் மட்டும் போதாது. அவன் குரலைக் கரையும் கேட்க வேண்டும்.

நம் செவி

இரவில் தன்னை அழைத்த குரலைக் கேட்டு உடனே எழுந்த சிறுவன் சாமுவேலின் கதையை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். இன்று நம் கையிலுள்ள கைப்பேசி உலகின் மறுகோடியிலிருந்து வரும் செய்தியையும் வாங்கித் தருகிறது. ஆனால் அதிலேயே மூழ்கியிருக்கும்போது, அடுத்த அறையிலிருந்து பாட்டி அழைப்பது நம் காதில் விழுவதில்லை. அருகிலிருந்தும் உறங்கிய அக்கப்பலுக்கும் நமக்கும் அப்போது என்ன வேறுபாடு?

நாள்தோறும் மூன்று நிமிடமேனும் கருவியைக் கீழே வைத்து, யார் நம்மை அழைக்கிறார்கள் என்று செவிகொடுப்போம். அதற்குக் கம்பியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.